செக்யூரிட்டியின் இடுப்பில் எது இருக்கலாம், எது கூடாது

ஜவுளிக்கடை வாசல், அபார்ட்மெண்ட் கேட், ஏடிஎம் என்று எங்கு பார்த்தாலும் காவலாளிகளின் பெல்ட்டில் சாமான் கூடிக்கொண்டே போகிறது. மடக்கு ஸ்டீல் லத்தி, பெப்பர் ஸ்ப்ரே, சில இடங்களில் கைவிலங்கு கூட. பாதிக்கு மேல் ஆன்லைனில் அவர்களே சொந்தக் காசில் வாங்கியவை. ஏஜென்சியும் கண்டுகொள்வதில்லை, ஆள் பார்க்க மிடுக்காக இருந்தால் போதும் என்கிறது. பிரச்சினை என்று வந்தால் முதலில் ஸ்டேஷனில் நிற்கப்போவது அந்தக் காவலாளிதான். அவருக்காகவும், அவரை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

லத்தியில் தொடங்குவோம். ஆயுதச் சட்டம், 1959 'ஆயுதம்' என்பதை வரையறுக்கும்போதே சாதாரண லத்தியையும் கைத்தடியையும் பெயர் சொல்லி விலக்கிவிடுகிறது. மூங்கில் தடிக்கோ பிரம்புக்கோ உரிமம் வேண்டாம். ஆனால் ஆயுத விதிகள், 2016-இன் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகையைப் பாருங்கள். வாள், பட்டாக்கத்தி வரிசையில் ஸ்டீல் லத்தியும் இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதியில் அதை வைத்திருக்க உரிமம் தேவை. உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று தெரியாமல் அதை இடுப்பில் மாட்டாதீர்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரும்புக் குழாய் மணிக்கட்டிலோ முழங்காலிலோ பட்டால் எலும்பு முறியும், வழக்கு கொடுங்காயப் பிரிவுக்குப் போய்விடும்.

பெப்பர் ஸ்ப்ரேவுக்கு உரிமம் கேட்பதில்லை என்பதால் பலரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இது ஆபத்தான ஆயுதமாகக் கருதத்தக்கது, தற்காப்பு என்று சொல்லித் தப்ப முடியாது என்று கூறி வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. லிப்ட், ஏசி லாபி போன்ற மூடிய இடங்களில் அடித்தால் எதிரில் இருப்பவரோடு நீங்களும், பக்கத்து ஆஸ்துமா நோயாளியும் சேர்ந்து இருமுவீர்கள். வெளியில் என்றால் காற்று உங்கள் முகத்தை நோக்கி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பி ஓடுபவர் மீது அடிப்பது தற்காப்பே ஆகாது.

கட்டிவைப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காவலாளிக்கு இருப்பது தெருவில் போகும் எவருக்கும் உள்ள அதிகாரம்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் 40-ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விடமுடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவரையும், தேடப்படுபவர் என்று நீதிமன்றம் அறிவித்த குற்றவாளியையும் பிடிக்கலாம். தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 'யாரோ சொன்னார்கள்' என்று பிடிக்க முடியாது. கைவிலங்கு பற்றிப் பேசும் அதே சட்டத்தின் 43(3) பிரிவு போலீஸ் அதிகாரிக்கு மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட குற்றங்களைச் செய்தவர், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர் ஆகியோருக்கு மட்டுமே அனுமதி தருகிறது. காவலாளி விலங்கு மாட்டினால் அவர் மீதே சட்டவிரோதமாக அடைத்துவைத்த வழக்கு பாயலாம்.

விலங்கு இல்லையென்று கேபிள் டையை எடுப்பவர்கள் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் பட்டைக்கு இறுகத்தான் தெரியும், தளரத் தெரியாது. பிடிபட்டவர் கையை முறுக்க முறுக்க அது சதைக்குள் போகும், கை வீங்கும், கட்டைவிரலின் பின்புறம் மரத்துப்போகும். வெட்ட நினைக்கும்போது கையில் கட்டர் இருக்காது, கத்தியைத் தேடி ஓடுவார்கள்.

இதைவிட ஆபத்தானது குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றுவது. மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று ஆள் இறந்துபோகலாம். குடித்தவர், பருமனானவர், ஓடி இளைத்தவர் என்றால் இன்னும் சீக்கிரம். 'மூச்சு முட்டுது' என்று சொன்னால், 'பேச முடியுதே, நடிக்கிறான்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே எடையை எடுங்கள், பக்கவாட்டில் திருப்புங்கள், உட்காரவையுங்கள்.

சரியான முறை இதுதான்: நாற்காலியில் உட்காரவைத்து, கதவைத் திறந்தே வைத்து, சிசிடிவி பார்வையில் இரண்டு பேர் நில்லுங்கள். பெண் என்றால் பெண் காவலாளி கட்டாயம். பாக்கெட்டில் கை விடாதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். 112-க்கு அழையுங்கள்.

உடுப்பிலும் சட்டம் கண்டிப்பானது. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005-இன் 21-ஆம் பிரிவுப்படி போலீஸ் அல்லது ராணுவச் சீருடை போலத் தோன்றும் உடையை அணிந்தால் காவலாளிக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய மாதிரி விதிகள் கேட்பதெல்லாம் எளிமையானவை: ஏஜென்சி பேட்ஜ், கயிற்றோடு இடப்பக்கப் பாக்கெட்டில் விசில், லேஸ் வைத்த ஷூ, குறிப்பேடு, பேனா, இடுப்புக்கு மேல் வெளியே தெரியும்படி புகைப்பட அடையாள அட்டை. பயிற்சி வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். துப்பாக்கி கையாள்வது அதில் விருப்பப் பாடம்தான். இந்த 160 மணி நேரத்தை மூன்று நாளில் முடித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏஜென்சியிடம் ஆள் எடுக்காதீர்கள்.

துப்பாக்கிக் காவலாளிகளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. உரிமம் ஆளுக்குத்தான். ஷிப்ட் முடிந்ததும் உரிமம் இல்லாத ரிலீவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

சாமான் எதுவானாலும் ஏஜென்சி எழுத்தில் கொடுத்ததாக இருக்கட்டும். ஷிப்ட் மாறும்போது எண் பார்த்து, இருவரும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். ஸ்ப்ரேயின் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சம்பவம் நடந்தால் அன்றே, நினைவு மங்குமுன், நிமிடக் கணக்கோடு எழுதுங்கள்: '22.10 – பி பிளாக் பின்பக்கம், பைக் பூட்டை உடைத்ததை நேரில் கண்டேன். 22.12 – கையைப் பிடித்து நிறுத்தினேன், அடிக்கவில்லை. 22.14 – 112-க்கு அழைத்தேன். 22.15 – நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். 22.41 – ரோந்து வண்டியில் வந்த போலீஸாரிடம் ஒப்படைத்தேன்.'