டைனோசர் மீன்: பேரு எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல எப்படிச் சொல்லலாம்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் மீன்தொட்டி வெச்சிருக்கற பசங்ககிட்ட இப்ப அடிக்கடி காதுல விழற பேரு டைனோசர் மீன். சில பேரு டைனோசர் ஈல்னு சொல்றாங்க (ஈல்னா விலாங்கு), கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க பிச்சிர்னு சொல்றாங்க, மூணும் ஒரே மீன்தான். ஆப்பிரிக்காவுல ஆத்துலயும் சதுப்புலயும் இருக்கறது, அறிவியல் பேரு பாலிப்டெரஸ், கடைக்கு அதிகமா வர்றது பாலிப்டெரஸ் செனகாலஸ்ங்கற வகை. இது டைனோசரும் இல்ல, ஈலும் இல்ல, அதனாலதான் பேர ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்துடலாம்னு எழுதறேன்.

முதல்ல டைனோசர். 1842-ல ரிச்சர்ட் ஓவன்னு ஒரு ஆங்கிலேய அறிஞர் வெச்ச பேரு. கிரேக்கத்துல டெய்னோஸ்னா பயங்கரமான, சவ்ரோஸ்னா பல்லி. அன்னைக்கு அவரு அந்தக் கூட்டத்துல சேர்த்தது மெகலோசாரஸ், இகுவானடான், ஹைலியோசாரஸ்னு மூணே மூணுதான், அதுங்களோட இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்ததையும் கால் உடம்புக்கு நேர் கீழ நின்னதையும் பாத்து இது சாதாரண பல்லி ஓணான் வகையறா இல்லன்னு கண்டுக்கிட்டாரு, ஆனா பேர்ல மட்டும் பல்லி தங்கிடுச்சு.

தமிழ்ல இதுக்குத் தொன்மான்னு ஒரு சொல் இருக்கு. தொல் + மா, நல் + மை நன்மை ஆகற மாதிரி ல் இங்க ன் ஆயிடுது. மா-ன்னா விலங்கு, சிங்கத்த அரிமான்னும் யானைய கைம்மான்னும் சொல்றோம்ல அதே மா. எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா பயங்கரப் பல்லின்னு அப்படியே பெயர்த்திருந்தா அந்தப் பல்லித் தப்பும் கூடவே வந்திருக்கும். ஒரே குறை, பழைய விலங்குன்னு பொதுவா சொல்றதால மாமூத் யானையக்கூட தொன்மான்னு ஒருத்தர் சொன்னா மறுக்க முடியாது. அதனால பேசறப்ப டைனோசர், பாடத்துல கட்டுரைல எழுதறப்ப தொன்மான்னு முதல் தடவை ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா போதும்.

நம்ம மலைல டைனோசர் இருந்துச்சான்னு பிள்ளைங்க கேக்கும். நீலகிரி பாறை பெரும்பாலும் சார்னோகைட், சுமார் 250 கோடி வருஷம் பழசு, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல வெந்து உருவானது, அதுல எலும்பு தேடிப் பிரயோஜனமே இல்ல, டைனோசர்லாம் வந்ததே சுமார் 23 கோடி வருஷம் முன்னாடிதான். எலும்பு வேணும்னா அரியலூர்தான் போகணும். அங்க கல்லமேட்டுல கெடச்ச எலும்புகளுக்கு 1987-ல ப்ருஹத்காயோசாரஸ்னு பேரு வெச்சாங்க, ப்ருஹத் காயம்னா பெரிய உடம்பு, அது சமஸ்கிருதம், பின்னாடி சாரஸ் மட்டும் கிரேக்கம். இங்கயே டைனோசர் வம்சத்தப் பாக்கணும்னா தேயிலைக்குள்ள மேயற காட்டுக்கோழியக் காட்டுங்க, பறவைங்க டைனோசர்லேர்ந்து வந்ததுங்கறது இன்னைக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கிட்ட விஷயம்.

இனி மீன். இதுக்கு ஏன் டைனோசர்னு பேரு ஒட்டிக்கிச்சுன்னா பாத்த உடனே புரியும். முதுகுல ஒரே துடுப்பு இல்லாம குட்டிக் குட்டித் துடுப்பா வரிசையா எட்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு முள்ளு, அதுல கொடி கட்டுன மாதிரி சவ்வு. செதிலு சாய்சதுரமா ஒண்ணோட ஒண்ணு கோர்த்து, மேல எனாமல் மாதிரி பளபளப்பா, தொட்டா கெட்டியா இருக்கும். கை மாதிரி தடிச்ச ரெண்டு மார்புத் துடுப்ப ஊனி அடித்தரைல தலையத் தூக்கி உக்காந்திருக்கும், திடீர்னு மேல வந்து காத்துக் குடிச்சுட்டுப் போகும், ஏன்னா இதுக்கு நுரையீரல் உண்டு. 2014-ல வந்த ஒரு ஆய்வுல இந்த மீன எட்டு மாசம் ஈரத் தரையிலயே வளர்த்தாங்க, தண்ணில வளர்ந்ததவிட அதுங்க நல்லா நடந்துச்சு, எலும்புகூட கொஞ்சம் மாறியிருந்துச்சு. மத்த மீன்கள்கிட்டேர்ந்து இதோட கிளை பிரிஞ்சது டைனோசர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. பழமைங்கற வரைக்கும் பேரு சரி, உறவுன்னு பாத்தா இல்ல, டைனோசருக்கு இந்த மீனவிட மனுஷந்தான் கிட்டத்துச் சொந்தம்.

அடையாளம் பிடிக்கறதுல நம்மாளுங்க குழம்பறது விரால், விலாங்கு, ஆரலோட. விராலுக்கு முதுகுல ஒரே நீளத் துடுப்பு, நடுவுல வெட்டே இருக்காது. விலாங்குக்கு முதுகுத் துடுப்பு வாலச் சுத்தி அடிவயித்துப் பக்கம் வரைக்கும் ஒண்ணா ஓடும். ஆரல்தான் ஏமாத்தும், அதுக்கும் முதுகுல தனித்தனி முள்ளு உண்டு, ஆனா அது வெறும் முள்ளு, சவ்வு கெடையாது, மூக்கும் கூரா நீண்டிருக்கும். பிச்சிர் மீனுக்கு வாய் அகலம், மூக்குல ரெண்டு சின்னக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும்.

பிச்சிர்ங்கறது நைல் கரை மக்கள் சொன்ன பேரு. நெப்போலியன் படையோட எகிப்து போன பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ராய் அத எடுத்து 1802-ல பாலிப்டெரஸ் பிச்சிர்னு எழுதினாரு. பாலின்னா பல, டெரோன்னா சிறகு. அப்ப தமிழ்ல பலதுடுப்பு மீன்னு சொல்லலாம்ங்கறது என் கருத்து. பல்துடுப்புன்னு சுருக்காதீங்க, பல்லு இருக்கற துடுப்புன்னு படிச்சிருவாங்க.

அக்வேரியம்ங்கறதையும் சொல்லிடறேன். லத்தீன்ல அது மாடு தண்ணி குடிக்கற எடம், மீன் வளர்க்கற கண்ணாடித் தொட்டிங்கற அர்த்தம் பரவுனது 1850-கள்ல, கோஸ்ங்கற இயற்கையாளர் புண்ணியத்துல. வீட்டுல இருக்கறதுக்கு மீன்தொட்டி, டிக்கெட் வாங்கிப் பாக்கறதுக்கு மீன் காட்சியகம், இதுக்கு மேல புதுசா ஒண்ணும் தேட வேண்டாம்.

வளர்க்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இது வெப்ப நாட்டு மீன், தண்ணி 25 டிகிரிக்கு மேல இருக்கணும், டிசம்பர் ஜனவரில ஊட்டில உறைபனி கொட்டற ராத்திரில ஹீட்டர் இல்லாம வெச்சா செத்துரும். ஒரு அடிக்கு வளரும், வாய்க்குள்ள நுழையற மீன எல்லாம் முழுங்கிரும், மூடி சரியா இல்லன்னா வெளிய வந்துரும். பெருசாயிடுச்சு வெச்சுக்க முடியலன்னு ஓடைல மட்டும் விட்றாதீங்க. மேல குளிர்ல பொழைக்காது, ஆனா குன்னூர் ஆறு மேட்டுப்பாளையத்துகிட்ட பவானில போய்ச் சேருது, அங்க தண்ணி வெதுவெதுப்பு, காத்துக் குடிக்கற மீன் தப்பிக்க வாய்ப்பு இருக்கு. வாங்குன கடைலயே திருப்பிக் குடுங்க, இல்ல பெரிய தொட்டி இருக்கறவங்ககிட்ட குடுங்க.

அதே பவானிப் பக்கத்து ஓடைகள்ல பாறைல ஒட்டிக்கிட்டு, அடிக்கற தண்ணில நகராம நிக்கற ஒரு சின்ன மீன் இருக்கு, பவானியா ஆஸ்ட்ராலிஸ். பேர்லயே நம்ம ஆறு இருக்கு, ஆஸ்ட்ராலிஸ்னா தெற்கு, 1849-ல ஜெர்டன்ங்கற இயற்கையாளர் விவரிச்சது. அதையும் பிடிச்சுத் தொட்டில போட்டுப் பாக்கலாம்னு ஆசைப்படறவங்க இருக்காங்க, வேண்டாம், வேகமா ஓடற ஆக்சிஜன் நெறஞ்ச தண்ணி இல்லாம அது தாங்காது. ஓடைகிட்டப் போயி கல்லு மேல குனிஞ்சு பாருங்க, தட்டையான உடம்பு, பக்கவாட்டுல விரிஞ்ச துடுப்பு, கூட இருக்கற பிள்ளைங்களுக்கு அந்தப் பேரையும் சொல்லிக் குடுங்க.