காலையில் ஓடும் ஓடை மதியம் எங்கே போகிறது?

ஆனைகட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கோடையில் எங்கள் ஓடையில் விடியற்காலை தண்ணீர் ஓடுகிறது. மதியம் மூன்று மணிக்குப் போனால் குட்டை குட்டையாக நிற்கிறது. மறுநாள் காலை திரும்ப ஓடுகிறது. மேலே யாரோ மோட்டார் போட்டு இழுக்கிறார்கள் என்று பேச்சு. அப்படித்தானா?"

அவர் சொல்வது கொடுங்கரைப்பள்ளம். ஒரு கரை கோவை மாவட்டம், எதிர்க்கரை பாலக்காட்டின் அட்டப்பாடி. வடக்கே போய்ப் பவானியில் விழும். அந்தப் பவானி நீலகிரியில் பிறந்து, கேரளாவுக்குள் இறங்கி, முக்காலி என்ற ஊரில் சட்டென்று திரும்பி மறுபடி தமிழ்நாட்டுக்கே வருகிற ஆறு. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு மூன்றும்தான். சைலண்ட் வேலிப் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கிழக்கே வர வரக் குறைந்து, ஆனைகட்டிப் பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. அடியில் இருப்பதோ கெட்டிப் பாறை. மேல்மண்ணிலும் பாறை இடுக்கிலும் தேங்குவதுதான் நிலத்தடி நீர். மழையில்லாத மாதங்களில் கரைக்குள்ளிருந்து கசிந்து வருவதுதான் ஓடையின் ஓட்டம். இதெல்லாம் பள்ளிப் பாடம், விடுங்கள்.

சுவாரசியம் இனிமேல்தான். ஓடைக் கரையில் நிற்கும் நீர்மருது, புங்கை, மூங்கில் எல்லாவற்றின் வேரும் கரைமண்ணில் அதே கசிவுநீருக்குள் கிடக்கிறது. வெயில் ஏறியதும் இலைத்துளைகள் திறக்கின்றன. இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, வேர் கீழிருந்து இழுக்கிறது. கரைக்குள் நீர்மட்டம் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. சில சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கோடையில் கரையின் நீர்மட்டமே ஓடையின் தரையைவிட அவ்வளவுதான் உயரம். அது சரிந்தால் ஓடைக்கு வரத்து நின்றுவிடும். இன்னும் சரிந்தால் ஓடைத் தண்ணீரே திரும்பிக் கரைக்குள் போகும். சூரியன் விழுந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். மேட்டுநிலத்தில் இருந்து கசிவு மட்டும் இரவெல்லாம் வந்துகொண்டே இருக்கும். விடிவதற்குள் கரை நிரம்பி, ஓடை ஓடத் தொடங்கும்.

வெயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 20 டிகிரி தண்ணீரைவிட 30 டிகிரி தண்ணீருக்குப் பாகுத்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெதுவெதுப்பான மதிய நீர் மணலுக்குள் எளிதாக இறங்கிவிடும்.

கரை நீர்மட்டத்தின் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே மரங்கள் எவ்வளவு குடிக்கின்றன என்று கணக்குப் போட்டார் அமெரிக்க நிலவியல் துறையின் வால்டர் ஒயிட், 1932-இல். நள்ளிரவு முதல் நாலு மணி வரை மரங்கள் குடிப்பதில்லை. அப்போது மட்டம் ஏறும் வேகம்தான் சுத்தமான வரத்து. மணிக்கு 3 மில்லிமீட்டர் ஏறுகிறது என்று வையுங்கள். 24 மணிக்கு 72. ஆனால் மறுநாள் அதே நேரத்தில் மட்டம் 8 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. வந்த 72-உம் போய், இருப்பிலும் 8 போயிருக்கிறது; ஆக 80. மணலில் பத்தில் ஒரு பங்குதான் வெளியேறக்கூடிய நீர் என்றால், உண்மையில் 8 மில்லிமீட்டர் தண்ணீர். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர். ஒரு குழி, ஒரு அளவுகோல், ராத்தூக்கத்தை விட ஒரு ஆள். எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது.

நம் ஊரில் போர் போட லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர், அதற்கு முன்னால் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவருக்கும் தட்சிணை கொடுக்கிறார். சின்ன ஓடைகளில் மட்டம் பதியும் கருவி வைக்க மட்டும் பணம் இல்லை என்பார்கள். பெரிய அணைகளுக்கு அளவீடு இருக்கிறது. அவற்றுக்கு நீர் கொண்டுவரும் பள்ளங்களுக்கு பெரும்பாலும் கிடையாது.

உடனே, "அப்போ மரத்தை வெட்டினால் தண்ணீர் மிஞ்சுமே" என்று யாராவது கிளம்புவார். வெட்டினால் கொஞ்ச காலம் ஓட்டம் கூடத்தான் செய்யும். அப்புறம் பிடிமானம் போன கரை அடுத்த வெள்ளத்தில் சரியும். மண்ணும் போனால், கோடைக்குத் தேக்கி வைக்க எதுவும் மிச்சமிருக்காது.

சரி, மோட்டாரா மரமா? ஓடையில் ஒரு குச்சியை நட்டுக் கோடு போடுங்கள். மணிக்கொரு தடவை குறியுங்கள். மரம் என்றால் மட்டம் காலை பத்து மணிவாக்கில் மெல்லச் சரியத் தொடங்கி, மாலையில் மெல்ல மீளும். மேகமூட்டமான நாளில் சரிவே குறைவாக இருக்கும். மோட்டார் என்றால் படிக்கட்டுபோல் சடாரென்று இறங்கும், மேகம் பார்க்காது. இறங்குகிற நேரமும் மும்முனை மின்சாரம் வருகிற நேரமும் நாள் தவறாமல் ஒத்துப்போனால், ஊர்ப் பேச்சில் விஷயம் இருக்கிறது.