நெஞ்சடைத்தால் கண்டிக்கு ஓட வேண்டாம்: 1990 சேவையும் தூரத்து நிபுணரும்

தோட்டத்தில் இரவு நேரம் ஒருவருக்கு நெஞ்சடைத்தால் வீட்டார் முதலில் தேடுவது த்ரீவீலரைத்தான். "பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போயிருவோம்" என்று மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கே கிளம்பிவிடுகிறார்கள். அத்தனை வளைவுப் பாதையிலும் நோயாளிக்கு ஒட்சிசன்கூடக் கிடையாது.

முதலில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்பியுலன்ஸ் இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. ஒரு சதமும் கட்ட வேண்டாம், தமிழிலேயே பேசலாம். அழைப்பை எடுப்பவர் கொழும்புப் பக்கம் இருப்பார், அவருக்கு உங்கள் லயன் தெரியாது. தோட்டத்தின் பெயரோடு மேல் டிவிஷனா, கீழ் டிவிஷனா, பக்கத்தில் ஃபெக்டரியா, கோயிலா என்று சொல்லுங்கள். பிரதான பாதையில் தோட்டத்து ரோட்டு பிரியும் சந்தியில் டோர்ச்சோடு ஒருவரை நிறுத்துங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள்.

அம்பியுலன்ஸ் கிட்டிய அரச வைத்தியசாலைக்குத்தான் போகும். "அங்கே ஸ்பெஷலிஸ்ட் இல்லையே" என்று தடுக்காதீர்கள். சின்ன வைத்தியசாலையில் எடுக்கும் ஈசிஜியை, அதாவது இதயத் துடிப்பின் வரைபடத்தை, படம்பிடித்து, தூரத்து இருதய நிபுணருக்கு அனுப்பிக் கேட்பது இப்போது வழக்கம். மாரடைப்பு என்று அவர் உறுதிசெய்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை ஆதார வைத்தியசாலையிலேயே போடலாம். பக்கவாதம் வேறு கதை. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அந்த ஊசியைப் போட முடியாது, போடுவதென்றால் நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதனால் கை, வாய் கோணியது எத்தனை மணிக்கு என்று நினைவில் வைத்துச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள், தொலைபேசியில் நிபுணர் முதலில் கேட்பது அதைத்தான். மேல் வைத்தியசாலைக்கு மாற்ற வேண்டுமென்றால் அவர்களே அங்கே அறிவித்து, தங்கள் அம்பியுலன்ஸில் அனுப்புவார்கள். அதற்கும் காசில்லை.

கொவிட் காலத்தில், 2021இல், 1390 இலக்கத்தின் மூலம் வீட்டிலிருந்த நோயாளிகளை வைத்தியர்கள் தொலைபேசியிலேயே கவனித்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்து மலையகப் பாதைகள் அறுந்தபோது, நோயாளியை நகர்த்தவே வழியில்லாத ஊர்கள் இருந்தன. தீவிர சிகிச்சை நிபுணரின் ஆலோசனை அப்படிப்பட்ட இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் இப்படித் தூரத்து நிபுணரைக் கேட்பது இன்னும் வைத்தியர்களின் சொந்தக் கைபேசியிலும் நல்ல மனதிலும்தான் நடக்கிறது. ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலைக்கும் இருபத்திநாலு மணித்தியாலமும் பதில் சொல்லும் ஒரு நிபுணர் இணைப்பைச் சுகாதார அமைச்சு முறைப்படி ஏற்படுத்த வேண்டும். தோட்டத் தலைவர்மாரும் பிரதேச சபை உறுப்பினர்களும் இதைக் கேட்டு எழுத வேண்டும்.