பல்கூறு வினை

வேதியியல் ஆய்வகங்களில் எம்.சி.ஆர். என்று சுருக்கிச் சொல்லப்படும் மல்டிகாம்பொனன்ட் ரியாக்‌ஷனுக்குத் தமிழ்ச் சொல் பல்கூறு வினை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வினைபடுபொருள்கள் ஒரே கலத்தில் இணைந்து ஒரு விளைபொருளைத் தர வேண்டும். அவற்றின் அணுக்களில் பெரும்பகுதி அந்த விளைபொருளில் தங்கவும் வேண்டும்.

'காம்பொனன்ட்' என்பதன் இலத்தீன் வேர் சேர்த்து வைத்தலைக் குறிக்கும். தமிழில் கூறு என்பதோ பிரித்த பங்கு; சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்கிறார்களே, அந்தக் கூறுதான். திசை எதிராக இருந்தாலும் இங்கே தமிழ்ச் சொல்லே தெளிவு தருகிறது. விளைபொருளைப் பிரித்துப் பார்க்கும்போது எதற்குப் பங்கு இருக்கிறதோ அதுவே கூறு.

இத்தாலிய வேதியியலாளரான பியேத்ரோ பிஜினெல்லி 1891-இல் வெளியிட்ட வினையைப் பார்ப்போம். பென்சால்டிஹைடு 1.06 கிராம், எத்தில் அசிட்டோஅசிட்டேட் 1.30 கிராம் (இரண்டும் 10 மில்லிமோல், அதாவது சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள்), யூரியா 0.90 கிராம் (15 மில்லிமோல்), எத்தனால் 10 மி.லி., அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலைந்து சொட்டு. ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் கண்டன்சரைப் பொருத்திச் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பனிநீரில் ஊற்றினால் விளைபொருளான டைஹைட்ரோபிரிமிடினோன் திண்மமாகப் படியும். வடிகட்டி, குளிர்நீரில் கழுவினால் மிஞ்சிய யூரியா போய்விடும். பிறகு எத்தனாலில் மறுபடிகமாக்கலாம். வினை முழுமையாக நடந்தால் கிடைக்க வேண்டிய விளைச்சல் 2.60 கிராம். ஆனால் இந்தப் பழைய முறையில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போவதுண்டு.

விளைபொருளின் ஆறணு வளையத்தில் மூன்று அணுக்கள் யூரியாவின் பங்கு, இரண்டு அசிட்டோஅசிட்டேட்டின் பங்கு, ஒன்று ஆல்டிஹைடின் (பென்சால்டிஹைடின்) பங்கு. வெளியேறுவது இரண்டு நீர் மூலக்கூறுகள் மட்டுமே. கலத்தில் இருந்தாலும் எத்தனாலுக்கு இதில் பங்கில்லை; அது கரைப்பான். அமிலத்துக்கும் பங்கில்லை. ஆல்டிஹைடும் யூரியாவும் இணைவதை விரைவுபடுத்திவிட்டு அது மீண்டுவிடுகிறது. எனவே அது வினையூக்கி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வினைவேகமாற்றி என்றும், இலங்கையில் ஊக்கி என்றும் வழங்கும். வினை என்பதே இலங்கையில் தாக்கம்.

பழைய பென்சால்டிஹைடுதான் விளைச்சலை அதிகம் கெடுக்கும். குப்பியின் வாயில் வெள்ளைப் படிகம் தெரிந்தால் அது காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து பென்சாயிக் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. எடை சரியாக இருந்தாலும் ஆல்டிஹைடு குறையும். அந்த அமிலம் குளிர்நீரில் அவ்வளவாகக் கரையாததால் விளைபொருளோடும் ஒட்டிக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்த பிறகே எடுக்க வேண்டும். யூரியாவைக் குறைத்தாலோ, ஆல்டிஹைடும் அசிட்டோஅசிட்டேட்டும் தமக்குள்ளேயே இணையத் தொடங்கும்.

ஒருகல வினை என்பதைப் பல்கூறு வினைக்கு மாற்றாக எழுதுவது பிழை. ஒரே குடுவையில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தும் சாதாரண இருபொருள் வினைகளும் ஒருகல வினையே. எண்ணும்போது மூலக்கூறுகளை எண்ணக் கூடாது, வகைகளை எண்ண வேண்டும். வேதியியலாளர் ஹான்ட்ச் பெயரால் வழங்கும் வினையில் கீட்டோஎஸ்டர் இரண்டு மூலக்கூறு சேர்ந்தாலும் ஆல்டிஹைடு, கீட்டோஎஸ்டர், அம்மோனியா என அது முக்கூறு வினை. ஆல்டிஹைடு, அமீன், கார்பாக்சிலிக் அமிலம், ஐசோசயனைடு நான்கும் சேரும், வேதியியலாளர் ஊகியின் பெயரால் வழங்கும் வினை (1959) நாற்கூறு வினை.