மற்றத் தேடுபொறிகளின் கண்ணில் உங்கள் தளம்

ஒரு சிறிய இணையதளத்தைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கூகுளில் அதன் பக்கங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஒருநாள் டக்டக்கோ என்னும் தேடுபொறியில் தளத்தின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்து தேடினேன். முகப்பின் முகவரி மட்டும் மொட்டையாக வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. பிங், யாகூ, எகோசியா மூன்றிலும் இதே கதைதான்.

நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் ஒரே கோளாறு வர ஒரு காரணம் உண்டு. தேடுபொறி என்பது மூன்று வேலைகளின் தொகுப்பு. கிராலர் என்னும் நிரல் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் படித்து வருகிறது. படித்ததை வைத்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஒரு மாபெரும் சொல்லடைவு தயாராகிறது. நாம் தேடும்போது அந்த அடைவிலிருந்து பக்கங்களை எடுத்துத் தரவரிசைப்படுத்துவது மூன்றாவது வேலை. முதல் இரண்டுக்கும் ஆகும் செலவு மலைக்க வைப்பது. அதனால் சொந்த அடைவு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. டக்டக்கோவும் யாகூவும் வழக்கமான இணைய முடிவுகளைப் பெரும்பாலும் பிங்கிடமிருந்தே பெறுகின்றன. எகோசியாவும் நெடுங்காலம் அதையே நம்பியிருந்தது. மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கோபைலட் இணையத்தில் தேடிப் பதில் சொல்வதும் அந்த அடைவைக் கொண்டுதான். ஆகவே பிங்கின் கண்ணில் படாத பக்கம் தேடுபொறிகளின் ஒரு வரிசையையே இழக்கிறது. பிரேவ், மோஜீக் போன்றவை சொந்தமாக அடைவு கட்டியிருக்கின்றன. அவற்றின் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் தளத்தின் சிக்கல் ரோபாட்ஸ் கோப்பில் இருந்தது. கிராலர்கள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று தளத்தின் உரிமையாளர் எழுதிவைக்கும் அறிவிப்பு அது. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு. 2022இல்தான் முறையான இணையத் தரமாயிற்று. என் கோப்பில் கூகுளின் கிராலருக்குத் தனியாக அனுமதி இருந்தது. அதன் கீழே இரண்டு வரிகள்:

யூசர்-ஏஜென்ட்: *
டிஸ்அலவ்: /

நட்சத்திரக் குறிக்கு ‘மற்ற எல்லோரும்’ என்று பொருள். சாய்கோட்டுக்கு ‘தளம் முழுவதும்’ என்று பொருள். சர்வரின் சுமையைக் குறைக்க எப்போதோ எழுதப்பட்ட வரிகள் அவை. பெயர் சொல்லி அனுமதி பெற்றவர் உள்ளே போகலாம், மற்றவர் வாசலோடு திரும்ப வேண்டும் என்பதுதான் அவற்றின் விளைவு. உலகத் தேடல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் கூகுளில் நடக்கிறது என்பதற்காக மற்றக் கிராலர்களை இப்படி அடைத்து வைத்தால், புதிதாக ஒரு தேடுபொறி தலையெடுக்கவே வழியில்லாமல் போகும். உங்கள் கோப்பை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

வாசல் திறந்திருந்தாலும் உள்ளே வெற்றுச் சுவர்தான் தெரியும் தளங்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உரை தோன்றும்படி பல தளங்கள் கட்டப்படுகின்றன. கூகுளும் பிங்கும் உலாவியைப் போலவே அந்த நிரலை இயக்கிப் பார்க்க வல்லவை. வசதி குறைந்த கிராலர்கள் சர்வர் முதலில் அனுப்பும் கோப்பை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகின்றன. சோதிப்பது எளிது. உலாவியில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, கட்டுரையின் ஒரு வாக்கியத்தை அதில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த வாக்கியம் அவற்றைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை.

அடுத்தது மொழி. 1997இல் வந்த யாண்டெக்ஸ், ரஷ்ய மொழிச் சொற்கள் வேற்றுமையேற்றுத் திரிவதை இனம் காண்பதில் ஊன்றி வளர்ந்தது. சீனத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. பைடு முதலில் வாக்கியத்தைச் சொற்களாகப் பிரித்தாக வேண்டும். கொரிய மொழியில் இணையப் பக்கங்களே குறைவாக இருந்த காலத்தில் நேவர் 2002இல் கேள்வி பதில் பகுதி ஒன்றைத் தொடங்கி, மக்களையே எழுத வைத்துத் தன் அடைவை நிரப்பிக்கொண்டது.

தமிழின் நிலையைப் பாருங்கள். ‘மரம்’ என்ற சொல் மரத்தை, மரத்தில், மரங்களுக்கு என்று உருமாறுகிறது. போதாததற்கு ஒற்று மிகுகிறது. ‘மரத்தை’ என்பதும் ‘மரத்தைப்’ என்பதும் நமக்கு ஒன்று; எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடுபொறிக்கு இரண்டு தனிச் சொற்கள். தமிழ் இலக்கணத்தை எல்லாத் தேடுபொறிகளும் ஒரே அளவுக்குக் கற்றிருக்கும் என்று நம்ப முடியாது. தலைப்பிலும் முதல் பத்தியிலும், தேடுபவர் தட்டச்சு செய்யக்கூடிய இயல்பான வடிவத்தை ஒருமுறையாவது வைப்பது நல்லது. அதற்காக ஒரே சொல்லைப் பத்து முறை திணிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். படிக்க வந்தவருக்குச் செய்யும் அநியாயம் அது.

புதிய பக்கத்தைக் கிராலர் தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பிங்கும் யாண்டெக்ஸும் 2021இல் கொண்டுவந்த இண்டெக்ஸ்நவ் என்ற முறை இருக்கிறது. ஒரு சாவியைக் கோப்பாக உங்கள் தளத்தில் வைத்துவிட்டு, மாறிய பக்கத்தின் முகவரியை அந்தச் சாவியோடு அனுப்பினால் போதும். கோப்பில் உள்ள சாவியும் வந்த சாவியும் ஒன்றானால், அனுப்பியவர் தளத்துக்குரியவர்தான் என்று உறுதியாகிறது. ஒரு தேடுபொறிக்குச் சொன்னால் அது மற்ற உறுப்பினர்களுக்கும் சொல்லிவிடும். நேவரும் செக் நாட்டின் செஸ்னாமும் இதில் சேர்ந்திருக்கின்றன. கூகுள் சேரவில்லை.

அந்த இரண்டு வரிகளை நீக்கினேன். ரோபாட்ஸ் கோப்பின் பழைய நகலை 24 மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது என்று தரம் சொல்கிறது. மறுநாள் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். பிங்கின் கிராலரான பிங்பாட் வந்திருந்தது. முதல் வரியில் ரோபாட்ஸ் கோப்பைக் கேட்டிருந்தது, அடுத்த வரியில் முகப்பை, அதற்கடுத்து உள்ளே ஒரு பழைய கட்டுரையை. மூன்றுக்கும் 200 என்று, அதாவது ‘சரி, இதோ’ என்று, பதில் போயிருந்தது.