மந்தை இல்லாத வீட்டில் மேய்ப்பு நாய்

பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ப்பு நாய்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவருபவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை, பிள்ளைகள் ஓடினால் நாய் விரட்டிச் சென்று குதிகாலைக் கவ்வுகிறது என்பதுதான். பெரும்பாலும் இது மூர்க்கத்தால் வருவதல்ல. வேட்டை விலங்கு இரையை உற்று நோக்கி, பதுங்கி நெருங்கி, துரத்தி, கவ்விக் கொல்லும். மேய்ப்பர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இவற்றின் முதல் கட்டங்கள் கூர்மையடைந்தன, கொல்லும் கட்டம் மழுங்கியது. 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாய், குரைக்காமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகள் ஏறக்குறைய அனைத்தும் அதன் வழிவந்தவையே. ஆடு இல்லாத வீட்டில் அந்தப் பார்வை பிள்ளைகள் மீதும் சைக்கிள் மீதும் திரும்புகிறது.

"நன்றாக ஓடவிட்டால் களைத்து அடங்கிவிடும்" என்று நம்பி மணிக்கணக்கில் பந்து எறிபவர்கள் பலர். அதனால் நாயின் தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடும், பரபரப்பு தணியாது. லேசர் ஒளியைக் காட்டி விளையாடுவது இதைவிடக் கெடுதல். பரிசோதனை அறையில் என் கைக்கடிகாரத்தில் பட்ட வெளிச்சம் சுவரில் அசைந்தபோது, அப்படி வளர்ந்த ஒரு பார்டர் கோலி முன்காலைத் தூக்கித் தலையைத் தாழ்த்தி உறைந்து நின்றது. வெளிச்சம் மறைந்து வெகுநேரம் கழிந்தும், வளர்ப்பவர் பெயர் சொல்லி அழைத்தும், அது சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்திப் பழகிய நாய்க்கு அந்த வேலை முடிவதே இல்லை.

இவற்றுக்கு உடற்பயிற்சியோடு மூளைக்கும் வேலை வேண்டும். சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னதும் அடையாளம் கண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வீட்டில் அவ்வளவு தேவையில்லை. உணவை ஒளித்துவைத்து மோப்பத்தால் தேடச் செய்வதும், சில பொருள்களின் பெயர்களைக் கற்பிப்பதும் போதும். அதற்கு நிகராக ஓய்வையும் கற்பிக்க வேண்டும். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே தன் பாயில் அமைதியாகப் படுத்திருக்கும் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் ஒரு தின்பண்டம் கொடுத்துவந்தால், குட்டிகள்கூடப் படிப்படியாகப் பழகிக்கொள்ளும்.

பிள்ளைகள் விஷயத்தில், துரத்தத் தொடங்கிய பின் அதட்டிப் பயனில்லை. உடல் விறைத்துப் பார்வை நிலைகுத்தும் அந்தக் கணத்திலேயே அழைத்து, திரும்பி வந்ததும் பரிசு கொடுங்கள். அந்தப் பழக்கம் படியும்வரை, பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் நாய் வாரில்தான் இருக்க வேண்டும்.

அடக்கிவைக்க மாத்திரை கேட்பவர்களும் உண்டு. கோலி (இது பார்டர் கோலி அல்ல, வேறு இனம்), ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இனங்களில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அத்தகைய நாய்க்கு ஏசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்து வழக்கமான அளவில் கொடுத்தாலே மயக்கம் ஆழமாகி, நெடுநேரம் நீடிக்கக்கூடும். ஆகவே மரபணுப் பரிசோதனை செய்யாமல், மருத்துவரைக் கேட்காமல், எந்த மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.