வேகத்தை ஏற்றினால் கணக்கு ஏன் தப்புகிறது?

நிறுவனம் நிர்ணயித்ததைவிடக் கூடுதல் வேகத்தில் கணினியை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது விநாடிக்கு 500 கோடி கடிகாரத் துடிப்புகளுடன், ஓடும் பிராசசருக்கு ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே கிடைப்பது 200 பிகோவிநாடி, ஒரு விநாடியின் 500 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியால்கூட 6 சென்டிமீட்டர்தான் கடக்க முடியும். அதற்குள் டிரான்சிஸ்டர்கள் எனும் நுண்ணிய மின்சுவிட்சுகள் வரிசையாக நிலை மாறி, விடை கடைசி முனைக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த துடிப்பு விழும் கணத்தில் அங்கே என்ன இருக்கிறதோ, அதுவே விடையாகப் பதிவாகிவிடும். விடை வந்துசேர்ந்ததா என்று பார்க்க யாரும் இல்லை.

எல்லாக் கணக்குக்கும் ஒரே நேரம் ஆவதில்லை. 123 உடன் 1 கூட்டினால் கடைசி இலக்கத்தோடு வேலை முடிந்தது. 999999 உடன் 1 கூட்டினால், கையில் எடுத்த 1 ஒவ்வோர் இலக்கமாக இடக்கோடி வரை போக வேண்டும். சிப்பில் இதற்குக் குறுக்குவழிகள் உண்டு. ஆனாலும் மிக நீண்ட பாதை என்று ஒன்று இருந்தே தீரும். அந்தப் பாதைக்கும், சூடேறிய சிப்புக்கும், மின்னழுத்தம் சற்றுத் தாழும் தருணத்துக்கும் இடம்விட்டே நிறுவனங்கள் வேகத்தை நிர்ணயிக்கின்றன. ஓவர்கிளாக்கிங் தின்பது அந்த இடத்தைத்தான். ஆகவே மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கணினி, நீண்ட பாதையும் வெப்பமும் ஒன்றுகூடும் ஒரு கணத்தில் தவறுகிறது.

மின்னழுத்தத்தை உயர்த்திச் சமாளிக்கலாம், விலை அதிகம். மின்செலவு அழுத்தத்தின் இருமடியையும் வேகத்தையும் பொறுத்தது. இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் சுமார் 33 சதவீதம் கூடும்.

2005-இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார். நினைவகத்தைத் தொடாமல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடமான ஒரு பதிவேட்டைச் சுழியாக்குவதை மட்டுமே செய்யும் கட்டளையில் விண்டோஸ் நின்றுபோயிருந்தது. அந்தக் கட்டளை தோற்க வழியே இல்லை. விசாரித்ததில், அத்தகைய கணினிகள் பல ஓவர்கிளாக் செய்யப்பட்டவை; வாங்கியவர்களில் சிலருக்கு அது தெரியவே தெரியாது. 2011-இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் கணினிகளின் பதிவுகளை அலசியபோது, ஓவர்கிளாக் செய்தவை கூடுதலாகப் பழுதாவதும், நிர்ணயித்ததைவிடக் குறைந்த வேகத்தில் ஓடியவை மேலும் நம்பகமாக இருப்பதும் தெரிந்தது.

கணினி நின்றுபோனால் நல்லது என்பேன். குறைந்தபட்சம் நமக்குத் தெரிகிறது. நிற்காமல் ஒரு பிட்டை மாற்றி எழுதி, அந்தக் கோப்பை நாமே பேக்கப்பிலும் சேமித்துவிடுவதுதான் கொடுமை. கணக்கு வழக்கும் கட்டட வரைபடமும் தயாராகும் கணினியில், கிடைக்கும் சில விநாடிகளுக்காக இந்த ஆபத்தை ஏற்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ராமின் வேகத்தை இயல்பு அளவுக்கு மேல் உயர்த்தும் எக்ஸ்எம்பி அமைப்பும் ஓவர்கிளாக்கிங்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அலுவலகக் கணினி காரணமின்றி நின்றுபோகிறதா? விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை அணைத்து, மற்ற அமைப்புகளையும் இயல்புநிலைக்குத் திருப்பிப் பாருங்கள். வேகம் போதவில்லையென்றால் ராமின் கொள்ளளவைக் கூட்டுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள்.